பன்னிரண்டு அம்பும் இடப்பக்கம்

முப்பத்தோரு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் சோதித்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஸ்பிரிங் மேல் எடையை ஏற்றுவேன். டயல் கேஜில் முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பேன். பச்சை மை வைப்பேன், இல்லை சிவப்பு மை வைப்பேன். சிவப்பு வைத்தால் அந்த ஸ்பிரிங் நேராகப் பழைய இரும்புக்குப் போய்விடும். மேனேஜரே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டேன். இந்த வேலையில் இருக்கிறவனுக்குக் கொஞ்ச நாளில் ஒரு வியாதி வரும். தன் கையெழுத்தைத் தானே கும்பிட ஆரம்பித்துவிடுவான். எனக்கும் அது வந்திருந்தது. வந்தது தெரியாமலே ரிட்டயர் ஆனேன்.

இப்போது ஆவடியில் என் வீட்டு மொட்டைமாடியில் ஒரு ஷீட் கொட்டகை போட்டு அம்பு செய்கிறேன். "எந்த ராஜாவுக்கு சப்ளை, மச்சான்?" என்று என் மைத்துனன் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டான். நான் பாயசத்தில் கவனமாக இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சிலர் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். அவர்களுக்காக, நான் பண்ணிய பெரிய தப்பு ஒன்றை எழுதி வைக்கிறேன். சரியாகப் பண்ணியதை எல்லாம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

1. முள் வைத்த கடியாரம்

மூங்கிலிலும் மரத்திலும் கையால் செய்த வில்லுக்கென்று தனிப் போட்டி உண்டு. இந்தியன் ரவுண்ட் என்பார்கள். முப்பது மீட்டர், ஐம்பது மீட்டர் தூரத்தில் எய்ய வேண்டும். வெளிநாட்டு வில்லின் விலையைக் கேட்டு மயக்கம் போட்டவர்கள் எல்லாம் இங்கேதான் வருவார்கள். அவர்களுக்கு வில் செய்து கொடுப்பவர் டில்லி. பூந்தமல்லிக்காரர், அடிப்படையில் தச்சர். எங்கள் வீட்டு ஷெல்ஃபுக்குக் கதவு போட வந்தபோது என் பழைய டயல் கேஜைப் பார்த்துவிட்டார்.

"அண்ணாத்தே, வில்லு நான் ஒயுங்காத்தான் செய்றேன். அம்பு குடுக்கிறவன் ஒருத்தனும் ஒயுங்கா குடுக்க மாட்றான். ஒண்ணு இங்க போவுது, ஒண்ணு அங்க போவுது. பயி என் வில்லு மேல வருது. உங்கிட்டதான் முள்ளு வெச்ச கட்யாரம் கீதே, அத வெச்சி ஒரே மாரி கீற குச்சியா பொறுக்கிக் குடேன்."

அப்படி ஆரம்பித்தது. வேலை இதுதான். மூங்கில் குச்சியைத் தணலில் காட்டி நிமிர்த்தி, கணுவைத் தேய்த்து, இருபத்தாறு அங்குல இடைவெளியில் இரண்டு முளைகளின் மேல் படுக்க வைக்க வேண்டும். நடுவில் இரண்டு பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் குச்சி கீழ்நோக்கி வளையும். எவ்வளவு வளைகிறதோ அதை வைத்து அதன் விறைப்பைச் சொல்லலாம். தொழிலில் அதற்கு ஸ்பைன் என்று பெயர். வளைவை அங்குலத்தில் எடுத்து, இருபத்தாறை அதனால் வகுத்தால் பவுண்டு கணக்கில் ஒரு எண் வரும். இழுக்க முப்பத்தைந்து பவுண்டு விசை கேட்கும் வில்லுக்கு முப்பத்தைந்து வருகிற குச்சி என்பது பொது விதி. அந்தக் குச்சி பத்தொன்பது மில்லிமீட்டர் வளையும்.

விறைப்பு எதற்கு என்று கேட்பீர்கள். மரவில்லில் கைப்பிடி நடுவில் நிற்கிறது. அம்பு அதற்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. நாணோ நடுவை நோக்கிப் பாய்கிறது. ஆக, விட்ட நொடியில் அம்பு வளைந்து நெளிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு போய், அப்புறம் நேராக வேண்டும். காலை லோக்கல் ரயிலில் வாசல் கம்பியைச் சுற்றி உடம்பை நெளித்து உள்ளே போகிறோமே, அந்த மாதிரி. விறைப்பு அதிகமானால் அம்பு நெளியாது, கைப்பிடியில் இடித்து இடப்பக்கம் போகும். விறைப்பு போதாவிட்டால் அதிகம் வளைந்து வலப்பக்கம் போகும். இது வலது கையால் நாண் இழுப்பவர்களுக்கு. இடதுகைக்காரர்களுக்கு அப்படியே மாறும்.

எனக்கு இது கைவந்த வேலையாகத் தெரிந்தது. எடை, முள், எண். டில்லியின் வில்கள் முப்பத்திரண்டிலிருந்து நாற்பது வரைதான் வரும். அதனால் முப்பதுக்குக் கீழே காட்டிய குச்சிகளின் நுனியில் சிவப்பு பெயிண்ட் தொட்டு ஒரு பழைய எண்ணெய் டின்னில் சொருகினேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கை தானாகச் செய்தது.

2. ஓகே கார்டு

கலைவாணிக்கு அம்பு செய்த கதைக்கு வருகிறேன். வேப்பம்பட்டுப் பெண். வயது இருபத்தாறு. வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. விடியற்காலை முதல் ரயிலைப் பிடித்து, இறங்கி, பஸ் மாறி வந்து, அந்தக் கல்லூரிக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் பயிற்சி எடுத்துவிட்டு அப்புறம் சீட்டில் போய் உட்காருவாள். மாநில அணிக்கான தேர்வு வருகிறது. அதில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இதை எல்லாம் டில்லிதான் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கு இத்தான் கடேசி சான்ஸ் அண்ணாத்தே. பாத்து நல்லதா பன்னெண்டு அம்பு போட்டுக் குடு."

அவள் வில்லை டில்லி கொண்டுவந்து கொடுத்தார். பென்சிலால் 35 என்று எழுதியிருந்தது. நான் யார் எழுதியதையும் நம்புகிறவன் இல்லை. தராசில் மாட்டி நானே இருபத்தெட்டு அங்குலம் இழுத்துப் பார்த்தேன். முப்பத்தைந்தேகால் காட்டியது. எனக்குப் பரம திருப்தி. இருநூறு குச்சியிலிருந்து பன்னிரண்டைப் பொறுக்கினேன். பன்னிரண்டும் பத்தொன்பது மில்லிமீட்டர். ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. இறகு ஒட்டி, முனை மாட்டி, நூல் சுற்றி, கூடவே ஒரு கார்டு வைத்தேன். 'ஸ்பைன் 35. சோதிக்கப்பட்டது. ஓகே.' கீழே என் கையெழுத்து, தேதி.

அவளை நான் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. லாரிக்கு ஸ்பிரிங் பாஸ் பண்ணும்போது டிரைவரையா வரவழைத்துப் பார்த்தேன்?

3. "பன்னெண்டு இடத்துல தானே விழணும்?"

மூன்று வாரம் கழித்து அவளுடைய கோச் பாஸ்கர் போன் செய்தார். கறாரான மனிதர், ஆனால் நல்லவர்.

"சார், உங்க ஆரோஸ் சூப்பர் சார். எல்லாம் ஒரே இடத்துல குத்துது, இவ்ளோ டைட்டான குரூப்பிங் நான் பாத்ததே இல்ல. பொண்ணுதான் சரியில்ல. எல்லாத்தையும் லெஃப்ட்ல போடுறா. ரிலீஸ மாத்திப் பாத்தேன், ஸ்டான்ஸ மாத்திப் பாத்தேன், ஒண்ணும் வேலைக்கு ஆவல. அவள நிறுத்திட்டு வேற ஒருத்தர அனுப்பலாம்னு இருக்கேன். மத்தவங்களுக்கும் ஆளுக்கு ஒரு டஜன் வேணும், ஒரு நாள் வந்து பாருங்களேன்."

உண்மையைச் சொல்கிறேன். அந்தப் போனை வைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'சூப்பர்' மட்டும்தான் காதில் விழுந்தது. மறுநாள் காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

கலைவாணி ஐந்தடிகூட இருக்க மாட்டாள். வலது தோளில் வலிப் பட்டை ஒட்டியிருந்தாள். என் அம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எய்தாள். பன்னிரண்டும் நடுவட்டத்துக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி, ஒரு சாப்பாட்டுத் தட்டால் மூடிவிடக்கூடிய இடத்தில் போய்க் குத்தி நின்றன. "பாத்தீங்களா சார்?" என்றார் பாஸ்கர். அவளைப் பார்த்து, "விடும்போது விரல பிடுங்காதன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்றார்.

அவள் இலக்குப் பலகைக்கு நடந்தாள். அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்து என் எதிரில் நின்றாள்.

"சார், நீங்கதானே அம்பு செஞ்சவரு? ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"என் கை தப்புன்னா, பன்னெண்டு அம்பும் பன்னெண்டு இடத்துல தானே சார் விழணும்? தப்பு பண்றவ அதே தப்ப பன்னெண்டு வாட்டி கரெக்டா பண்ணுவாளா?"

எனக்குக் காது சுட்டது. கம்பெனியில் புதிதாக வருகிற ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. பீஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டுப்போனால் ஆபரேட்டரைப் பார். எல்லாப் பீஸும் ஒரே பக்கமாக, ஒரே அளவுக்குக் கெட்டுப்போனால் ஆபரேட்டரைத் திட்டாதே, செட்டிங்கைப் பார். முப்பத்தோரு வருடம் சொன்னதை, அந்தப் பெண் என்னிடமே திருப்பிக் கேட்டாள். அதுவும் தோளில் பட்டை ஒட்டிக்கொண்டு.

"வில்ல குடும்மா" என்றேன்.

கைப்பிடியைப் பார்த்தேன். அம்பு உட்காரும் பக்கத்தில் தோல் பளபளவென்று தேய்ந்து, ஒரு ஓரத்தில் கிழிந்தே போயிருந்தது. அம்பு அங்கே உரசிப் போகலாம், இப்படி இடிக்கக் கூடாது. தோலுக்கு அடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது. பிடி வியர்வையில் வழுக்குகிறது என்று மூன்று சுற்று ட்யூபும் அதன் மேல் தோலும் சுற்றியிருக்கிறாள். கைப்பிடி அவ்வளவு தடிமன் கூடினால் அம்பு இன்னும் வெளியே தள்ளி உட்காரும், இன்னும் அதிகம் நெளிய வேண்டும். என்னிடம் வில் வந்தபோது இந்தச் சுற்று இருந்ததா என்று யோசித்தேன். இருந்தது. அழுக்குத் தோல்தானே என்று தொடாமல் விட்டேன்.

அடுத்ததாக டில்லிக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் டூவீலரில் வந்தார். கலைவாணியை ஒரு அம்பு எய்யச் சொன்னேன். டில்லி அம்பைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"டக்குனு ஒரு சத்தம் வர்தே, கேக்கல உனக்கு? பிடில அடிச்சிகினு போவுது அண்ணாத்தே."

"வில்லு 35-ன்னு நீதானே எழுதின?"

"நான் 35-னு போட்டது என் கைக்கு. நான் ஆறடி கீறேன். இந்தப் பொண்ணு கை இன்னா நீளம்னு நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. நானும் ஐந்தடி பத்து அங்குலம். என் கைக்குத்தான் இழுத்தேன். கலைவாணியை நாண் முழுக்க இழுத்து நிறுத்தச் சொல்லி, அம்பில் கைப்பிடிக்கு நேராகச் சாக்பீஸால் கோடு போட்டேன். இருபத்தைந்து அங்குலம். என்னைவிட மூன்று அங்குலம் குறைவு. இழுப்பு குறைந்தால் வில்லின் விசையும் குறையும். அவள் கையில் அந்த வில் முப்பத்தைந்தே இல்லை, இருபத்தெட்டு, இருபத்தொன்பதுதான். கைப்பிடித் தடிமனுக்கு இன்னும் ஒரு நாலு பவுண்டைக் கழித்தால், அவளுக்கு வேண்டியது இருபத்தைந்துக்குப் பக்கத்தில். நான் கொடுத்தது முப்பத்தைந்து. கடப்பாரையைக் கொடுத்திருக்கிறேன்.

பாஸ்கர் கொஞ்ச தூரத்தில் யாருக்கோ பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நினைத்திருந்தால் 'அம்பைக் கொஞ்சம் சரிபண்ணித் தருகிறேன்' என்று பூசி மெழுகியிருக்கலாம். ஒரு நிமிடம் நினைக்கவும் செய்தேன். ஆளுக்கு ஒரு டஜன் ஆர்டர் காத்திருந்தது. ஆனால் அந்தப் பெண் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்கர் சார், தப்பு அவ மேல இல்ல. என் மேல. அம்பு அவளுக்கு ஆகாது. ஆளப் பாக்காம அளவெடுத்தேன்."

அவர் நம்பவில்லை. "கார்டுல ஓகேன்னு போட்டிருந்தீங்களே சார். அத நம்பித்தானே மூணு வாரமா அவள..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

அவர் சொல்ல வந்தது சரிதான். அந்தக் கார்டு இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது நாளே யாராவது அம்பைச் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

4. எண்ணெய் டின்

தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தது. கைப்பிடிச் சுற்றைப் பிரித்துவிடலாமா என்று கேட்டேன். "கை பழகிடுச்சு சார், இப்ப மாத்தினா பயமா இருக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. மூன்று வாரமாக ஏற்கெனவே நிறைய மாற்றிவிட்டோம். ஆக, அம்புதான் மாற வேண்டும். இருபத்தைந்து பவுண்டு குச்சிக்கு எங்கே போவது? நல்ல மூங்கில் வந்து, காய்ந்து, நிமிர்த்தி எடுக்கவே ஒரு மாதம் ஆகும்.

"உன் டின்னுல கீற செகப்பு குச்சிலாம் இன்னா ஆச்சி?" என்று டில்லி கேட்டார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் சிவப்பு வைத்துவிட்டால் அது என் கணக்கில் குச்சியே இல்லை.

வீட்டுக்கு வந்து டின்னைக் கவிழ்த்தேன். நாற்பத்து நாலு குச்சி. ஒவ்வொன்றையும் முளை மேல் வைத்து, திருப்பித் திருப்பி மறுபடி அளந்தேன். மூங்கில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாது. விறைப்பான பக்கம் எதுவோ அதுதான் கைப்பிடியைப் பார்த்து உட்கார வேண்டும். இருபத்தாறு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் பத்துக் குச்சி தேறியது. டின்னில் கிடந்து கோணியதை மறுபடி நிமிர்த்தும்போது தணலில் இரண்டு வெடித்தன. மிச்சம் எட்டு. ஒரு சுற்றுக்கு ஆறு போதும். மூன்றுக்கு இறகு ஒட்டாமல் வைத்துக்கொண்டு, மற்ற ஐந்துக்கு மட்டும் ஒட்டினேன். எதையும் அளவுக்கு வெட்டவில்லை, நீளமாகவே விட்டேன்.

மறுநாள் காலை மைதானத்தில் நாங்கள் நாலு பேர். இறகு அம்பு பறக்கும்போது தன் தப்பைத் தானே கொஞ்சம் திருத்திக்கொள்ளும். இறகில்லாத குச்சி அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முதலில் இறகில்லாத மூன்றையும் எய்யச் சொன்னேன். மூன்றும் வலப்பக்கம் போய் விழுந்தன. மூன்று வாரத்தில் முதல்முறையாக வலப்பக்கம். கலைவாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதம்மா, இதுவும் தப்புதான். நீளமா இருக்கறதால ரொம்ப நெளியுது. வெட்ட வெட்ட வெறச்சுக்கும்" என்றேன்.

மூன்றிலும், கூடவே ஒரு இறகு அம்பிலும் முனையைக் கழற்றி, அந்தப் பக்கம் கால் அங்குலம் வெட்டினேன். எய்தாள். நடுவை நோக்கி நாலு விரல்கடை நகர்ந்தது. இன்னொரு கால் அங்குலம். மறுபடி எய்தாள். இந்த வேலையில் அவசரம் கூடாது. ஒரு தடவை அதிகமாக வெட்டிவிட்டால் ஒட்டவைக்க முடியாது. கையில் வேறு குச்சியும் இல்லை. ரம்பத்தை வைக்கும் ஒவ்வொரு தடவையும் கோட்டை இரண்டு முறை அளந்தேன். கம்பெனியில் ஒரு தடவைக்கு மேல் அளந்ததில்லை. தோள் வலிக்கிறதா என்று நடுநடுவே கேட்டேன். "வலிக்குது சார், வெட்டுங்க" என்றாள்.

நாலாவது வெட்டில் இறகில்லாத குச்சியும் இறகு அம்பும் பக்கத்தில் பக்கத்தில் போய் நின்றன, நடுவட்டத்தில். டில்லி கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு அம்பு எய்யச் சொன்னார்.

"சத்தம் போச்சு. இப்பத்தான் என் வில்லு, வில்லு மாரி கீது."

மற்றதையும் அதே நீளத்துக்கு வெட்டி, மிச்சமிருந்த மூன்றுக்கும் இறகு ஒட்டினேன். வால் நுனியில் இருந்த சிவப்பைச் சுரண்டப் போனேன். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"வேணாம் சார், இருக்கட்டும். புல்லுல விழுந்தா தேட ஈஸியா இருக்கும்" என்றாள் கலைவாணி.

இந்தத் தடவை கார்டு எழுதவில்லை. பழைய பன்னிரண்டையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு வானகரத்தில் ஒரு ஃபிளாட்டிலிருந்து ஒருவர் தன் வில்லோடு வந்தார். கம்ப்யூட்டர் வேலை, மதுரைப் பக்கம், ஆறடி இரண்டு அங்குலம். அவரை நிறுத்தி, இழுக்கச் சொல்லி, கோடு போட்டு அளந்த பிறகு அந்தப் பன்னிரண்டையும் கொடுத்தேன். பன்னிரண்டும் நேராகப் போயின.

5. போன்

தேர்வு நாளன்று நான் போகவில்லை. போனால் அந்தப் பெண்ணுக்கு என் முகத்தைப் பார்த்தே பதற்றம் வரும் என்று வீட்டில் சொன்னேன். நிஜத்தில் எனக்குத்தான் பயம். மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஏற்கெனவே அளந்த குச்சிகளை மறுபடி அளந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் பாஸ்கர் கூப்பிட்டார்.

"சார், நாலு பேர எடுத்தாங்க. நம்ம கலைவாணி நாலாவது. டீம்ல இருக்கா. அம்பு பட்டையக் கெளப்பிடுச்சு சார்."

கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அம்ப விடுங்க. 'நீ நல்லா எய்தே'ன்னு அவகிட்ட சொன்னீங்களா?"



"போன அவகிட்ட தரேன், நீங்களே சொல்லுங்க சார்."

"நான் அப்புறம் சொல்றேன். மூணு வாரம் நீங்கதானே திட்டினீங்க, முதல்ல நீங்க சொல்லுங்க. நான் திட்ட வெச்சவன், உங்களுக்கு அடுத்ததுதான் என் முறை."

போனை வைக்காமலே அவர் நடந்து போவது கேட்டது. "கலை, இங்க வாம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்பது காற்றில் சரியாகக் கேட்கவில்லை. அவள் அழுதது மட்டும் கேட்டது.

இப்போதும் ஒவ்வொரு டஜனோடும் ஒரு கார்டு வைக்கிறேன். அதில் 'ஓகே' கிடையாது. எய்பவரின் பெயர், அவர் இழுக்கும் நீளம், கைப்பிடியின் தடிமன், அம்பின் ஸ்பைன், அளந்த தேதி. எய்பவரை நேரில் பார்க்காமல் அந்தக் கார்டை நிரப்ப முடியாது. அதற்காகத்தான் அப்படி அச்சடித்தேன். அடியில் இரண்டு வரி இருக்கும். 'எல்லா அம்பும் ஒரே பக்கம் போனால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். எனக்குப் போன் செய்யுங்கள்.'